ஒரு நூற்கட்டு, பல உடைமையாளர்: பியோவுல்ஃப் கூட்டுச்சுவடியின் உடைமை வரலாறும் வாசிப்பின் எல்லையும்

ஆய்வுச்சுருக்கம்

இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் ‘காட்டன் விட்டெலியஸ் ஏ 15’ என்னும் அடையாளத்துடன் உள்ள கூட்டுச்சுவடி, பழைய ஆங்கில வீரகாவியமான பியோவுல்ஃபின் ஒரே கையெழுத்துப்படியைத் தன்னுள் கொண்டுள்ளது. சுவடியில் உடனிருக்கும் நூல்களைக் கொண்டு காவியத்துக்குப் பொருள் காணும் போக்கு கடந்த எழுபது ஆண்டுகளாக வலுப்பெற்றிருக்கிறது. அப்போக்கின் எல்லையை வகுக்க வேண்டியது கருப்பொருள் ஒற்றுமை அன்று. சுவடி எவரெவர் கையில் எந்தெந்த வடிவில் இருந்தது என்னும் உடைமை வரலாறே என்பது இக்கட்டுரையின் வாதம். யூதித்து கவிதையின் இடம் இதற்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கூட்டுச்சுவடி, சுவடியியல், உடைமைக் குறிப்பு, பியோவுல்ஃப், யூதித்து, காட்டன் நூலகம்.

முன்னுரை

3182 அடிகளைக் கொண்ட பியோவுல்ஃப் ஒரே ஒரு கையெழுத்துப்படியின் வழியாகவே இன்று கிடைக்கிறது. அப்படியும் தனிநூலாகக் கிடைக்கவில்லை. எட்டு வேறு ஆக்கங்களுடன் ஒரே கட்டடத்துக்குள் கிடக்கிறது. அவ்வாக்கங்களுள் சில காவியத்தின் காலத்தே எழுதப்பட்டவை; சில அதற்கு ஒன்றரை நூற்றாண்டு பிற்பட்டவை. பாட வேறுபாடுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேறு படிகள் இல்லாத நிலையில், காவியத்தின் காலம், இடம், நோக்கம் ஆகியவற்றைத் தேடுவோர் சுவடியின் பிற பகுதிகளை நாடுவது இயல்பே. உடன் வைக்கப்பட்ட நூல்களைக் கொண்டு தொகுத்தவரின் கருத்தை அறியலாம் என்பது அவர்தம் எடுகோள். ஆயின் உடன் வைத்தவர் யார், எப்போது வைத்தார் என்னும் வினா அதற்கு முற்பட்டது. இவ்வினாவுக்கு விடை காணாமல் எழுப்பப்பட்ட விளக்கங்கள் பழைய ஆங்கிலத் திறனாய்வில் குறைவல்ல.

தமிழ்ச் சுவடிப் புலத்தில் பழகியோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. ஓலைக்கட்டில் ஏடுகளைப் பிணைப்பது துளையில் கோத்த கயிறு. கயிற்றை உருவினால் வரிசை உடைமையாளரின் விருப்பத்துக்குரியது. தோலேட்டுச் சுவடியின் நிலை சற்று வேறு. அகன்ற தோல்கள் இரண்டாக மடிக்கப்பட்டு, ஒன்றனுள் ஒன்றாகச் செருகப்பட்டுச் சிறு சிறு மடிப்புக் கட்டுகளாகத் தைக்கப்படுகின்றன; அக்கட்டுகள் பின்னர் முதுகுப்புறத்தில் சேர்த்துத் தைக்கப்பட்டு நூலாகின்றன. ஆதலால் ஒரு கட்டின் நடுவே ஒரு நூல் முடிந்து மற்றொன்று தொடங்குமாயின், அவ்விரண்டும் எழுதப்பட்ட நாளிலேயே சேர்ந்திருந்தவை எனத் துணியலாம். கட்டு முடியும் இடத்தில் நூலும் முடியுமாயின் அத்துணிவு இல்லை. விட்டெலியஸ் சுவடியைப் பற்றிய விவாதம் முழுவதும் இவ்வேறுபாட்டைச் சுற்றியே நடக்கிறது.

சுவடியின் இரு பகுதிகள்

1884ஆம் ஆண்டின் ஏட்டெண் முறைப்படி, 4 முதல் 93 வரையிலான 90 ஏடுகள் சவுத்விக் சுவடி எனப்படும். 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்த எழுத்தமைதி உடையது இது. மன்னர் ஆல்ஃபிரடுக்கு உரியதாகக் கருதப்படும் அகஸ்டினின் தனிமொழிகள், நிக்கொதேமு நற்செய்தி, சாலமோன் சாத்தர்ன் உரையாடலின் உரைநடை வடிவம், புனித குயிண்டின் வரலாற்றின் தொடக்கத் துண்டு ஆகிய நான்கும் இதில் உள்ளன.

94 முதல் 209 வரையிலான 116 ஏடுகள் நோவெல் சுவடி எனப்படும். இதில் ஐந்து ஆக்கங்கள்: தலைப்பகுதி இழந்த புனித கிறித்தோபர் வரலாறு, படங்களுடன் கூடிய கீழைநாட்டு அதிசயங்கள், அலெக்சாந்தர் அரிஸ்டாட்டிலுக்கு எழுதியதாக அமைந்த மடல், பியோவுல்ஃப், தலைப்பகுதி இழந்த யூதித்து. முதல் மூன்றும் உரைநடை, பின்னிரண்டும் செய்யுள். எழுதியோர் இருவர். முதலாமவர் மூன்று உரைநடை நூல்களையும் பியோவுல்ஃபின் 1939ஆம் அடி வரையிலும் எழுதினார்; அவ்வடியின் இடையிலேயே இரண்டாமவர் ஏற்றுக் காவியத்தை முடித்தார்; யூதித்தும் அவர் கையே. இவர்கள் இருவரும் ஏறத்தாழக் கி.பி. 1000ஐ ஒட்டியவர்கள் என்பது பெரும்பான்மையோர் கருத்து. இரண்டாமவரின் எழுத்து முதலாமவருடையதைவிடப் பழைய பாணியினது. இதனை அடிப்படையாகக் கொண்டு, 1016க்குப் பின்னர் அப்பாணி நீடித்திருக்க வாய்ப்பில்லை என டேவிட் டம்வில் 1988இல் வாதிட்டார். நுட் மன்னரின் ஆட்சியில், அதாவது 1016க்குப் பின்னரே, காவியம் உருப்பெற்றது என்னும் கெவின் கீர்னனின் 1981ஆம் ஆண்டுக் கருத்துக்கு அது நேர்மறுப்பாக அமைந்தது.

இரு பகுதிகளுக்கும் இடையே எழுத்தரோ காலமோ பொதுவாக இல்லை. இரண்டும் பழைய ஆங்கிலத்தில் உள்ளன என்பது மட்டுமே பொது. அது தொகுத்தவர்க்குப் போதுமான காரணமாக இருந்தது, திறனாய்வாளர்க்குப் போதாது.

உடைமைக் குறிப்புகள் இரண்டு

சவுத்விக் பகுதியின் தொடக்கத்தில் இலத்தீன் குறிப்பு ஒன்று உள்ளது. இந்நூல் சவுத்விக் தூய மரியாள் ஆலயத்துக்கு உரியது என்றும், இதனை அங்கிருந்து எடுத்துச் செல்பவரும், வஞ்சனையால் இக்குறிப்பை அழிப்பவரும் தக்க ஈடு செய்யாவிடில் சாபத்துக்கு உள்ளாவர் என்றும் அது கூறுகிறது. ஹாம்ப்ஷயர் பகுதியில் இருந்த அகஸ்டினியத் துறவியர் மடம் அது. நூலை எழுதிய கை வேறு, குறிப்பை எழுதிய கை வேறு; குறிப்பு பிற்பட்டது. எனவே அது நூல் பிறந்த இடத்தைச் சொல்லவில்லை, பின்னாளில் இருந்த இடத்தையே சொல்கிறது. இவ்வேறுபாட்டை மறந்து ‘சவுத்விக்கில் எழுதப்பட்ட சுவடி’ எனக் குறிப்பிடும் வழக்கம் தவிர்க்கத்தக்கது. எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், 1538இல், மடம் கலைக்கப்பட்டது. நூலை வெளியேற்றியவர்க்கு உரிய சாபம் அரசாணைக்குச் செல்லுமா என்பது இறையியலார்க்கு உரிய வினா.

நோவெல் பகுதியில் இத்தகைய மடக் குறிப்பு எதுவும் இல்லை. எழுதப்பட்ட நாள் முதல் ஐந்தரை நூற்றாண்டு அது எங்கிருந்தது என்பதைக் கூறும் ஆவணம் கிடைக்கவில்லை. முதன்முதலில் ஒரு பெயர் தோன்றுவது 94ஆம் ஏட்டின் மேல் விளிம்பில்: லாரன்ஸ் நோவெல், ஆண்டு 1563. அவ்வாண்டில் நோவெல், முதலாம் எலிசபெத் அரசியின் செயலர் வில்லியம் செசிலின் இல்லத்தில், அவர் பொறுப்பில் வளர்ந்த ஆக்ஸ்ஃபோர்டு கோமகனுக்கு ஆசிரியராக இருந்தார். பழைய ஆங்கிலச் சொற்களுக்கு அகராதி தொகுத்தவர். சட்டங்களையும் ஆண்டுக்குறிப்புகளையும் கையால் படியெடுத்தவர். 1567இல் தம் ஏடுகளை வில்லியம் லாம்பார்டிடம் ஒப்படைத்து ஐரோப்பியப் பெருநிலத்துக்குச் சென்றவர் திரும்பவில்லை.

இந்த உடைமையாளரின் அடையாளமே நெடுங்காலம் பிழையாக இருந்தது. லிச்ஃபீல்டு பேராலயத் தலைவராக இருந்து 1576இல் மறைந்த மற்றொரு லாரன்ஸ் நோவெலும் இவரும் ஒருவரே எனக் கருதப்பட்டனர். 1571ஆம் ஆண்டின் வழக்கு ஆவணம் ஒன்றைக் கொண்டு 1974இல் ரெதா வார்னிக்கி இருவரையும் பிரித்துக் காட்டினார். உறவினரும் ஒரே பெயரினருமான இருவரை ஒருவராக்கியதன் விளைவாக, சுவடி ஒரு சமயத் தலைவரின் நூலகத்திலிருந்து வந்தது என்னும் தவறான பின்புலம் உருவாகியிருந்தது. லிச்ஃபீல்டு பகுதியைச் சுவடியின் பிறப்பிடத் தேடலோடு தொடர்புபடுத்தும் எவரும் இப்பிழையின் நிழலில் நிற்கிறார்களா என்பதைச் சரிபார்த்துக்கொள்வது நலம்.

கையொப்பத்தின் இடம் அதன் ஆளைவிட முக்கியமானது. நோவெல் தம் பெயரை எழுதியது கிறித்தோபர் வரலாற்றின் இடைப்பகுதி தொடங்கும் ஏட்டில். உடைமையாளர்கள் நூலின் முதல் ஏட்டில் பெயர் எழுதுவதே வழக்கம். எனவே 1563இல் இவ்வேடே முதலேடாக இருந்தது. கிறித்தோபரின் தலைப்பகுதி அதற்கு முன்பே அழிந்திருந்தது. சவுத்விக் பகுதியும் அப்போது இதன் முன்னே இல்லை. ஒரு பெயரும் ஓர் ஆண்டும் இத்தனை செய்தி தருகின்றன. அவை தராத செய்தி ஒன்றும் உண்டு: நோவெல் காவியத்தைப் படித்தார் என்பதற்கு அக்கையொப்பம் சான்றாகாது. ‘நோவெல் சுவடி’ என்னும் பெயர் அவரை ஏதோ ஒரு வகையில் தொகுப்பாளராகத் தோற்றுவிக்கிறது. 1563இல் அவர் கைக்கு வந்த பொருளின் வடிவத்துக்கு அவர் பொறுப்பாளர் அல்லர்.

யூதித்து: உரைகல்

யூதித்து கவிதை இன்று 202 முதல் 209 வரையிலான எட்டு ஏடுகளில், 349 அடிகளுடன் உள்ளது. பியோவுல்ஃபின் இரண்டாம் எழுத்தரே இதையும் எழுதியதால், காவியத்தைத் தொடர்ந்து அவர் இதனை எழுதினார் எனப் பலர் இயல்பாகவே கொண்டனர். ஏடுகள் அவ்வாறு கூறவில்லை.

முதலாவது, பியோவுல்ஃபின் இறுதிப் பக்கமான 201ஆம் ஏட்டின் பின்பக்கம் தேய்ந்தும் கறுத்தும் உள்ளது. மங்கிய எழுத்துகள் பின்னர் மீண்டும் மை தீட்டப்பட்டுள்ளன. நீண்ட காலம் வெளிப்புறத்தில் கிடந்த ஏட்டின் தோற்றம் அது. இரண்டாவது, காவியத்தின் இறுதி ஏடுகளைத் துளைத்த புழு யூதித்தின் முதல் ஏட்டுக்குள் செல்லவில்லை. புழுவுக்குக் கருப்பொருள் தெரியாது; அடுத்த ஏடு இருந்தால் துளைத்திருக்கும். மூன்றாவது, யூதித்தின் இறுதி ஆறு அடிகள் எழுத்தரால் எழுதப்பட்ட நிலையில் இன்று இல்லை. 209ஆம் ஏட்டின் அடியில், பழைய எழுத்தைப் பின்பற்ற முயன்ற பிற்காலக் கை ஒன்று அவற்றைப் படியெடுத்து வைத்துள்ளது.

இம்மூன்றாவது சான்று சற்று நின்று நோக்கத்தக்கது. ஆறு அடிகளைப் படியெடுத்தவர் கண்முன் அவ்வடிகளைக் கொண்ட அடுத்த ஏடு இருந்திருக்க வேண்டும். அவ்வேட்டைச் சேர்த்தே கட்டாமல், ஆறு அடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஏட்டை விட்டுவிட்டார். அந்த ஏட்டின் எஞ்சிய பகுதியில் வேறு ஒரு நூல் தொடங்கியிருந்தது, அந்நூல் அவருக்கு வேண்டாததாகவோ ஏற்கெனவே சிதைந்ததாகவோ இருந்தது எனக் கொள்வதே பொருத்தமான விளக்கம். முடிவில்லாத கவிதை உடைமையாளரின் கண்ணுக்குக் குறையாகப்பட்டது. அக்குறையை நீக்கும் ஆர்வத்தில், யூதித்துக்குப் பின் என்ன இருந்தது என்னும் ஒரே நேரடிச் சான்று நீக்கப்பட்டது. நூலை முழுமையாகக் காட்ட விரும்பும் உடைமையாளர் நூல்வரலாற்றுக்குச் செய்யும் தீங்குக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

நான்காவது சான்று பகுதி எண்கள். பியோவுல்ஃபின் பகுதிகள் எண்ணிடப்பட்டிருப்பதைப் போலவே யூதித்தின் பகுதிகளும் எண்ணிடப்பட்டுள்ளன. ஆனால் எஞ்சியுள்ள எண்கள் 10, 11, 12. இவை 15, 122, 236 ஆகிய அடிகளில் தொடங்குகின்றன. முன்னர் ஒன்பது பகுதிகள் இருந்தன எனில், அவை யூதித்துக்கே உரியவையாயின் கவிதை ஏறத்தாழ 1300 அடிகளைக் கொண்டிருந்திருக்கும். அல்லது வேறு கவிதைகளோடு தொடர் எண் பெற்றிருக்கலாம். பின்னதே உண்மையாயின் யூதித்து வேறொரு செய்யுள் தொகுதியிலிருந்து வந்தது என்னும் முடிவுக்கு வழி திறக்கிறது. இரண்டுள் ஒன்றைத் துணிய எண்கள் மட்டும் போதா. எவ்வாறாயினும், 43 என்னும் எண்ணோடு முடியும் பியோவுல்ஃபின் எண்தொடருக்கு இது தொடர்ச்சி அன்று என்பது மட்டும் உறுதி.

யூதித்து தொடக்கத்தில் கிறித்தோபருக்கு முன்னே இருந்திருக்கலாம் என்பது பீட்டர் லூக்காஸ் 1990இல் முன்வைத்த கருதுகோள். அதன்படி, விடுபட்ட ஏட்டில் தொடங்கியது கிறித்தோபர் வரலாறே ஆகலாம். அதன் தலைப்பகுதி இழப்பும் ஒருங்கே விளங்கும். கவர்ச்சியான கருதுகோள். எனினும் நோவெலின் கையொப்பம் இதற்கு ஒரு நிபந்தனை விதிக்கிறது: 1563க்கு முன்பே யூதித்து தன் இடத்திலிருந்து பிரிந்திருக்க வேண்டும். காவியத்தின் கடைசிப் பக்கத் தேய்வோ, பிரிந்த யூதித்து நெடுங்காலம் காவியத்தின் பின்னும் வந்து சேரவில்லை என்கிறது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கின், கிறித்தோபரின் இடைப்பகுதியில் தொடங்கிப் பியோவுல்ஃபோடு முடிந்த 108 ஏடுகள் கொண்ட நூல் ஒன்று இடைக்காலத்தில் தனியே உலவியது என்பதே சான்றுகளுக்கு மிக நெருங்கிய வடிவம். யூதித்து அதனோடு ஒரே எழுத்தரின் கையால் உறவுடையது. ஒரே நூலின் அடுத்த இயல் அன்று.

காட்டனின் கட்டடமும் அதன் பின்னும்

சர் ராபர்ட் காட்டன் (1571–1631) திரட்டிய நூலகம் இங்கிலாந்தின் தனியார் சுவடித் தொகுப்புகளுள் தலையாயது. சுவடி நோவெலிடமிருந்து அவரிடம் வந்த வழிக்கு உறுதியான ஆவணம் இல்லை. அவர் கையில் அது அடைந்த மாற்றம் அறியப்பட்டதே. சிறு சுவடிகளைப் பிரிப்பதும், தொடர்பற்றவற்றை ஒரே கட்டடத்துள் சேர்ப்பதும், ஒரு நூலின் ஏட்டை மற்றொன்றுக்கு முகப்பாக்குவதும் காட்டனின் வழக்கம் என்பதைக் காலின் டைட்டின் ஆய்வுகள் விரிவாகக் காட்டியுள்ளன. சவுத்விக், நோவெல் பகுதிகள் அவர் நூலகத்திலேயே இணைந்தன. உருவ அளவும் மொழியும் ஒத்திருந்தமை போதிய காரணமாயிற்று. நூல் அலமாரிகளின் மேல் உரோமைப் பேரரசர்களின் மார்பளவுச் சிலைகள் வைக்கப்பட்டிருந்ததால், விட்டெலியஸ் சிலையின் கீழ், முதல் தட்டில், 15ஆம் நூல் என்னும் இருப்பிடக் குறிப்பே இன்றளவும் சுவடியின் பெயராக நிலைத்துவிட்டது. உலகின் தலைசிறந்த காவியங்களுள் ஒன்றைத் தாங்கிய நூல், மரத்தட்டில் தான் நின்ற இடத்தின் எண்ணால் அழைக்கப்படுகிறது.

பதினேழாம் நூற்றாண்டில் ஃபிரான்சிஸ் ஜூனியஸ் இச்சுவடியிலிருந்து தனிமொழிகளையும் யூதித்தையும் படியெடுத்தார், பியோவுல்ஃபை எடுக்கவில்லை. விவிலியக் கதையும் திருச்சபைத் தந்தையின் நூலும் அக்காலப் புலமையின் தேவையோடு பொருந்தின. ஸ்காண்டிநேவியக் களத்தில் நடக்கும் வீரகதை பொருந்தவில்லை. 1705இல் ஹம்ஃப்ரி வான்லி தம் அட்டவணையில் காவியத்தைப் பதிவு செய்தபோது, அதனை டேனியனான பியோவுல்ஃப் சுவீடன் மன்னர்களோடு புரிந்த போர்களைப் பற்றியது எனக் குறித்தார். நூலின் நாயகன் டேனியன் அல்லன். போர்களில் பெரும்பான்மை மன்னர்களோடும் அன்று. ஆயினும் அப்பிழையான குறிப்பே கோபன்ஹேகனிலிருந்து தோர்கெலினை 1786இல் இலண்டனுக்கு வரச் செய்தது என்பது நூல்வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. சரியான குறிப்பு எழுதப்பட்டிருந்தால் டென்மார்க்கில் எவர் கவனத்தை ஈர்த்திருக்குமோ!

அதற்குள் தீ வந்துவிட்டது. காட்டனின் பேரன் காலத்தில் நூலகம் நாட்டுக்கு உரியதாகி, 1701இல் சட்ட ஒப்புதல் பெற்றிருந்தது. 1731 அக்டோபர் 23 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் ஆஷ்பர்ன்ஹாம் இல்லத்தில் அது வைக்கப்பட்டிருந்தபோது தீப்பற்றியது. மால்டன் போர் கவிதையின் ஒரே படியைத் தாங்கிய சுவடி அத்தீயில் அழிந்தது. விட்டெலியஸ் சுவடி விளிம்பு கருகித் தப்பியது. கருகிய விளிம்புகள் ஆண்டுதோறும் உதிர்ந்தன. தோர்கெலின் எடுப்பித்த படியும் அவரே எடுத்த படியும் பின்னர் உதிர்ந்த எழுத்துகள் பலவற்றுக்கு இன்று ஒரே சான்று. 1753இல் பிரித்தானிய அருங்காட்சியகம் நிறுவப்பட்டபோது சுவடி அதன் உடைமையாயிற்று. 1845இல் ஒவ்வோர் ஏடும் தனித்தனியே காகிதச் சட்டகத்தில் பொருத்தப்பட்டது. உதிர்தல் நின்றது. ஆனால் சட்டகத்தைப் பிடித்துவைக்கும் காகித விளிம்பு பின்பக்க எழுத்துகள் சிலவற்றை மறைத்தது. அதனினும் பெரிய விளைவு ஒன்று: மடிப்புகள் தீயினால் சிதைந்து, ஏடுகள் ஒற்றை ஏடுகளாயின. எந்த ஏடு எதனோடு மடிந்திருந்தது என்பதை இன்று கண்ணால் காண இயலாது; தோலின் மயிர்ப்புறம் சதைப்புறம், வரிகளின் எண்ணிக்கை, கோடிட்ட முறை ஆகியவற்றைக் கொண்டு உய்த்துணரவே வேண்டும். மடல் முடியும் இடத்திலும் பியோவுல்ஃப் தொடங்கும் இடத்திலும் மடிப்புக் கட்டு ஒன்றா இரண்டா என்னும் வினாவில் கீர்னனும் அவரை மறுப்போரும் ஒரே ஏடுகளைப் பார்த்து வேறு வேறு முடிவுக்கு வருவதற்குக் காரணம் இதுவே.

ஏட்டெண் குழப்பமும் இங்குக் குறிக்கத்தக்கது. 1884இல் முன்னேடுகளையும் சேர்த்துப் புதிய எண் இடப்பட்டது. பழைய எண் முறையில் 129ஆம் ஏட்டில் தொடங்கும் காவியம் புதிய முறையில் 132இல் தொடங்குகிறது. பல பதிப்பாசிரியர்கள் பழைய எண்களையே தொடர்ந்தனர். எம்முறை பின்பற்றப்படுகிறது என்பதைக் கூறாத கட்டுரைகளின் ஏட்டெண் சான்றுகளைப் பயன்படுத்துமுன் மூன்று ஏட்டு வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

‘அரக்கர் தொகுதி’ என்னும் வாசிப்பு

நோவெல் பகுதியின் ஐந்து நூல்களையும் இணைப்பது விந்தை உயிர்கள் மீதான ஆர்வமே என்னும் கருத்துக்குச் செல்வாக்குத் தந்தவர் கென்னத் சிசம். இடைக்கால நூலகர் ஒருவர் இதற்குத் தலைப்பிட்டிருந்தால் பல்வகை அரக்கர் பற்றிய ஆங்கில நூல் என்றே இட்டிருப்பார் என்பது 1953இல் வெளியான நூலில் அவர் காட்டிய பார்வை. கிறித்தோபர் இங்குப் பன்னிரண்டு பாக உயரமுள்ளவர். கீழைநாட்டு அதிசயங்களில் விந்தை மாந்தர் நிரம்பியுள்ளனர். அலெக்சாந்தர் மடலில் கொடிய விலங்குகள். பியோவுல்ஃபில் கிரெண்டெல், அவன் தாய், நெருப்புமிழும் பாம்பு. யூதித்தில்தான் அரக்கர் இல்லை. குடித்து வெறித்த படைத்தலைவன் ஒலோபெர்னை அரக்கனாக்க ஓரளவு வலிந்து பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆண்டி ஆர்ச்சர்ட் 1995இல் இக்குறையை உணர்ந்து, அரக்கர் என்னும் கருவோடு செருக்கு என்னும் கருவையும் இணைத்தார். பேராற்றலுடைய மாந்தரின் செருக்கும் அவர்கள் எதிர்கொள்ளும் அரக்கரும் ஒன்றையொன்று விளக்குகின்றன என்பது அவர் நூலின் போக்கு. ஒலோபெர்னும் அலெக்சாந்தரும் கிறித்தோபரைத் துன்புறுத்தும் மன்னனும் இதனுள் அடங்குகின்றனர். தனித்தனி நூல்களைப் பற்றிய அவர் நுண்ணிய விளக்கங்கள் இன்றும் பயன் தருபவை. ஆனால் தொகுதியின் ஒருமைக்கான சான்றாக அவ்விளக்கத்தைக் கொள்வதில்தான் இடர் உள்ளது. கரு எந்த அளவுக்கு விரிகிறதோ அந்த அளவுக்கு அது பிரித்துக்காட்டும் ஆற்றலை இழக்கிறது.

இதனைச் சோதிக்க எளிய வழி சவுத்விக் பகுதியைப் பார்ப்பதே. நிக்கொதேமு நற்செய்தியில் கிறித்து பாதாளத்துக்குள் இறங்குகிறார்; சாத்தானும் பாதாளமும் உருவம் பெற்று உரையாடுகின்றனர்; செருக்குற்ற சாத்தான் கட்டுண்கிறான். அரக்கர், செருக்கு, வீழ்ச்சி என்னும் அளவுகோலால் நோக்கின், யூதித்தைவிட இது தொகுதிக்கு மிகப் பொருத்தம். கிரெண்டெலின் இருண்ட நீர்நிலைக்குள் பியோவுல்ஃப் இறங்குவதை இதனோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதுவது கடினமன்று. அவ்வாறு ஒப்பிட்டு ‘தொகுத்தவரின் நோக்கம்’ என எவரும் முடிவு கட்டாமைக்குக் காரணம் கருப்பொருள் பொருந்தாமை அன்று. அது 12ஆம் நூற்றாண்டுச் சுவடி, காட்டன் இணைத்தது என்னும் உடைமை வரலாறு தடுப்பதே காரணம். சவுத்விக்கை விலக்கும் அளவுகோல் எதுவோ அதுவே யூதித்துக்கும் பொருந்த வேண்டும். ஒரு புறம் ஏட்டுச் சான்றையும் மறு புறம் கருப்பொருளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது முறையியல் நேர்மைக்கு உகந்ததன்று.

மறுமுனையில் கீர்னனின் நிலைப்பாடு உள்ளது. பியோவுல்ஃப் தொடக்கத்தில் தனி நூலாகவே இருந்தது. உரைநடை நூல்கள் பின்னர் சேர்ந்தவை என்பது அவர் கருத்து. இரண்டாம் எழுத்தர் காவியத்தில் முதலாமவர் எழுதிய பகுதியையும் திருத்தினார், ஆனால் உரைநடை நூல்களைத் தொடவில்லை என்பது அவர் காட்டும் சான்றுகளுள் வலிமையானது. இது இரண்டாமவரின் ஈடுபாடு காவியத்தோடு நின்றது என்பதைக் காட்டும். காவியம் தனி நூல் என்பதை மட்டும் காட்டுமா என்பது ஐயம். பணியைப் பாதியில் ஏற்றவர், தாம் ஏற்ற நூலின் முற்பகுதியைச் சரிபார்த்துவிட்டுத் தொடர்வதும், தமக்குத் தொடர்பற்ற முந்தைய நூல்களை விட்டுவிடுவதும் ஒரே தொகுதிக்குள்ளும் நிகழக்கூடியவையே. கீர்னனின் கருதுகோளில் காலக்கணிப்புப் பகுதி பலவீனமுற்றிருப்பினும், நூல்கள் சேர்ந்திருப்பதை இயல்பானதாகக் கொள்ளாமல் நிறுவப்பட வேண்டியதாகக் கொண்ட அவர் அணுகுமுறை மதிக்கத்தக்கது. அவரை மறுத்தோரும் அதன்பின் மடிப்புக் கட்டுகளை எண்ணாமல் எழுத இயலாதவர்களாயினர்.

இருவர் கைகளின் பரவலைக் கொண்டு நோக்கின், உரிமையின் அளவு இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. கிறித்தோபர், அதிசயங்கள் ஆகியவற்றுக்கு இடையே ஐயமில்லை: 98ஆம் ஏட்டின் முன்பக்கத்தில் ஒன்று முடிய, பின்பக்கத்தில் மற்றொன்று தொடங்குகிறது. அவற்றுக்கும் மடலுக்கும் இடையே எழுத்தர் ஒருவர். மடலுக்கும் பியோவுல்ஃபின் முற்பகுதிக்கும் அவரே. எனவே அலெக்சாந்தரின் பயணத்தையும் பியோவுல்ஃபின் பயணத்தையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே கை எழுதியது என்னும் உண்மையிலிருந்து வாதத்தைத் தொடங்க ஒருவர்க்கு உரிமை உண்டு. யூதித்தைப் பொறுத்தவரை அவ்வுரிமை, ஒரே எழுத்துக்கூடத்தில் ஒருவர் எழுதிய இரு கவிதைகள் என்பதோடு நிற்கிறது. இரண்டையும் ஒப்பிடலாம், இரண்டாம் எழுத்தரின் எழுத்துப்பழக்கம், சொல்வடிவங்கள் ஆகியவற்றை இரண்டிலும் தேடலாம். காவியத்தின் இறுதியில் பியோவுல்ஃபின் சிதையில் எழும் புலம்பலுக்கு, உடனே அடுத்த ஏட்டில் வரும் யூதித்தின் வெற்றி விடையாக வைக்கப்பட்டது என வாசிக்க மட்டும் இயலாது. அவ்விரு பக்கங்களையும் எதிரெதிரே வைத்தவர் அவற்றை எழுதியவர் அல்லர். அவை எதிரெதிரே வந்தபோது 201ஆம் ஏட்டின் பின்பக்கம் ஏற்கெனவே தேய்ந்திருந்தது.